வெங்காயம் பூக்காத வருஷம்

வெங்காயப் பூவைப் பார்த்திருக்கிறீர்களா? நீளமாக ஒரு பச்சைத் தண்டு, அதன் உச்சியில் உருண்டையாக வெள்ளைப் பூ. பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் அரை ஏக்கரும் அப்படிப் பூத்து நின்றது. துபாயில் உட்கார்ந்துகொண்டு வீடியோ காலில் அதைப் பார்த்த என் வீட்டுக்காரர், "அடேயப்பா, என்ன அழகா இருக்கு! ஊட்டி கணக்கா இருக்குடீ" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்குப் போனைக் கிணற்றில் எறிந்திருப்பேன். எங்களிடம் கிணறு கிடையாது, போர்தான். அதற்கும் மூடி போட்டிருக்கிறது.

வெங்காயம் பூத்தால் காய் போச்சு என்று அர்த்தம். செடி தின்றதெல்லாம் தண்டுக்கும் பூவுக்கும் போய்விடும். அடியில் இருக்கும் காய் பெருக்காது. நடுவில் கட்டை மாதிரி ஒரு தண்டு ஓடும். சரி, இருக்கிறதையாவது எடுத்து வைக்கலாம் என்றால் பட்டறையில் பத்து நாள் தாங்காது, அழுகிவிடும். பட்டறை என்பது காற்றோட்டமாகத் தட்டி கட்டி, மேலே ஓலை போட்டு, வெங்காயத்தைக் கொட்டி வைக்கிற இடம். நான் அந்த வருஷம் வெங்காயத்துக்கு முன்னாடியே பட்டறையைக் கட்டி வைத்திருந்தேன். அவ்வளவு தைரியம் எனக்கு.

அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் ஏசி மெக்கானிக். கல்யாணமான மறுவருஷம் துபாய்க்குப் போனவர். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நாற்பது நாள் லீவு. அதில் பத்து நாள் தூங்குவார், பத்து நாள் சொந்தக்காரர் வீட்டு விசேஷம், பத்து நாள் ஊரில் இருக்கிற ஏசியையெல்லாம் ஓசியில் ரிப்பேர் பார்ப்பார். மிச்சப் பத்து நாள்தான் எனக்கு. அதிலும் பாதியை அவரைப் பெற்ற என் அத்தை எடுத்துக்கொள்வார். ரெண்டு வருஷத்துக்கு ஐந்து நாள் என்று கணக்குப் போட்டால், பதினாறு வருஷத்தில் நான் எத்தனை நாள் குடும்பம் நடத்தியிருக்கிறேன் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படி ஒரு லீவில், கிளம்புவதற்கு முந்தின நாள், "வந்துருங்களேன், போதும்" என்றேன். வேஷ்டியை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தவர் நிமிராமலேயே, "வந்து என்னத்தச் செய்ய? அந்தச் சரளைக் காட்டுல உன் வாயத் தவிர வேற எதுவும் விளையாதே" என்றார்.

"நான் விளைய வச்சுக் காட்டுறேன். பெல்லாரி வெங்காயம் போடுறேன்."

"நீயா?"

"நான்தான்."

"ஒரே ஒரு போகம், பட்டறை நிறைய நல்ல காயா எடுத்துக் காட்டு. நான் கையெழுத்துப் போடாமப் பெட்டியக் கட்டிட்டு வாரேன்" என்றார். கையெழுத்து என்றால் அடுத்த ரெண்டு வருஷத்துக்கான ஒப்பந்தம். ஒவ்வொரு தடவையும் வைகாசிக் கடைசியில் வரும். இப்படியாக என் தாலிக்கும் வெங்காயத்துக்கும் முடிச்சுப் போட்டுவிட்டு அவர் விமானம் ஏறினார்.

காரைக்குடியிலிருந்து குன்றக்குடி போகிற பாதையில் இறங்கி உள்ளே நடந்தால் எங்கள் ஊர். கண்மாய்க்கு மேற்கே அந்த அரை ஏக்கர். எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு சின்ன வெங்காயம் போடுவோம். அதற்கு விதை கிதை ஒன்றும் கிடையாது. காயையே பிரித்து, பாத்தியில் வரிசையாக ஊன்றிவிட்டால் ஒன்றுக்கு ஏழெட்டாகக் கொத்துக் கொத்தாக வரும். என் அம்மாவும் அப்படித்தான் செய்தாள், அத்தையும் அப்படித்தான் செய்தார். ஆகவே நான் என்ன செய்தேன்? தேவகோட்டைச் சந்தைக்குப் போய், சிவப்பாக, உருண்டையாக, ஒரு சொட்டை இல்லாத பெல்லாரி வெங்காயமாகப் பொறுக்கி மூட்டை மூட்டையாக வாங்கி வந்து, அரை ஏக்கரிலும் ஊன்றினேன். நட வந்த பெண்களில் ஒருத்தியாவது "எதுக்குக்கா இது" என்று கேட்டாளா? கேட்கவில்லை. அத்தை வரப்பில் நின்றுகொண்டு, "நல்லாப் பெரிய காயாப் பாத்து ஊனுங்கத்தா, அப்பத்தான் பெருசாக் காய்க்கும்" என்று யோசனை வேறு சொன்னார். ஊரே மடத்தனம் பண்ணும்போது ஒருத்தியை மட்டும் குறை சொல்வது நியாயமே இல்லை.

எட்டாம் நாள் எல்லாம் முளைத்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் வீடியோ எடுத்து அனுப்பினேன். கார்த்திகை போய் மார்கழி போய்த் தை பிறந்தது. ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால் வெங்காயத் தாளுக்கு நடுவில் குண்டாக ஒரு தண்டு, அதன் நுனியில் கோழி அலகு மாதிரி ஒரு மொட்டு. பக்கத்துச் செடியிலும் இருந்தது. அதற்கடுத்த செடியிலும் இருந்தது. நான் பாத்தி பாத்தியாக ஓடினேன். ஒன்று பாக்கியில்லை.

அத்தை வந்து பார்த்துவிட்டு, "கண்ணு பட்டுருச்சு" என்று தீர்ப்புச் சொன்னார். மறுநாளே ஒரு திருஷ்டி பொம்மை வந்து தோட்டத்தில் நாக்கைத் துருத்திக்கொண்டு நின்றது. அதன் கண்ணுக்கு முன்னாலேயே அரை ஏக்கரும் வெள்ளையாகப் பூத்து விரிந்தது. நான் படித்தவளாயிற்றே, யூடியூபைப் பார்த்தேன். மடிப்புக் கலையாத சட்டை போட்ட ஒருவர், தண்டை ஒடித்துவிட்டால் காய் தானாகப் பெருக்கும் என்று அடித்துச் சொன்னார். ரெண்டு நாள் இடுப்பு ஒடிய அரை ஏக்கரையும் ஒடித்தோம். அந்தத் தண்டு குழாய் மாதிரி உள்ளே வெறுமையானது. மூன்றாம் நாள் பருவம் தப்பி ஒரு மழை பெய்தது. ஒடித்த ஓட்டை வழியாகத் தண்ணீர் நேராகக் காய்க்குள் இறங்கி, அங்குட்டுக் கண்மாய்க் கரை வரைக்கும் நாறியது. அந்தச் சட்டைக்காரர் மட்டும் என் கையில் கிடைத்தால் அவரை அந்தப் பாத்தியிலேயே ஊன்றியிருப்பேன்.

ஒடித்த தண்டை என்ன செய்வது? எறிய மனசு வரவில்லை. பொடியாக நறுக்கி, தேங்காய்ப்பூப் போட்டுப் பொரியல் வைத்தேன். நன்றாகவே இருந்தது. காலையில் பொரியல், மத்தியானம் கூட்டு, ராத்திரிக்கு முட்டையில் போட்டுக் கிண்டியது. அழுகாமல் தப்பியதில் ஒடிக்க ஒடிக்கப் புதுத் தண்டு வந்தது, ரெண்டு மாதம் இதேதான். "மாட்டுக்குப் போடுறதையெல்லாம் மாமியாருக்குப் போடுறா" என்று அத்தை தெருவில் போகிறவர்களிடமெல்லாம் சொன்னார். சொல்லிவிட்டு வந்து ரெண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

வைகாசியில் அவர் கையெழுத்துப் போட்டார். "விடுடீ, ரெண்டு வருசந்தான?" என்றார். 'தான'வாம்! நான் அன்றைக்கு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். முன்னால் அரிவாள்மனையும் கையில் வெங்காயமும் இருந்ததால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

உண்மையைச் சொன்னது திருப்பத்தூரில் விதைக்கடை வைத்திருக்கும் ஒரு தம்பிதான். நான் செய்த காரியத்தைச் சொன்னதும் அவன் கல்லாப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அக்கா, பெல்லாரிக்கு ஆயுசு ரெண்டு வருசம். மொத வருசம் காய் வைக்கும், மறுவருசம் பூத்து விதை விடும். நீங்க காய ஊனுனீகன்னா அதோட மறுவருசத்தத்தான் நட்டுருக்கீக. விதை எடுக்கிறவன் செய்யிற வேலை அது. சின்ன வெங்காயத்துக்குப் பாத்த வைத்தியத்த இதுக்குப் பாத்துட்டீக" என்றான். அவமானமாக இருந்தாலும், திருஷ்டியைக் காட்டிலும் இந்தக் காரணம் எனக்குப் பிடித்திருந்தது. திருத்த முடிகிற காரணம்.

விதை வாங்கினேன். தம்பி ரெண்டே ரெண்டு எச்சரிக்கை சொன்னான். "நாத்து நாப்பத்தஞ்சு நாளைக்கு மேல நாத்தங்கால்ல நிக்கக் கூடாது. பென்சில் தண்டிக்குத் தடிச்சிருச்சுன்னா முத்துன நாத்து. அது மேல குளிர் பட்டுச்சுன்னா, நமக்கு ஒரு வருசம் முடிஞ்சுபோச்சுன்னு நெனச்சுக்கிட்டுப் பூத்துரும்." வெங்காயத்துக்கு இருக்கிற அறிவைப் பாருங்கள்.

அந்த ரெண்டாம் வருஷம் ஐப்பசி நடுவில் நாற்றுப் பாவினேன். ஊசி ஊசியாக முளைத்து வந்தது. நாற்பத்தைந்து நாள் ஆனபோது மார்கழி பிறந்திருந்தது. ஆள் சொல்லி, பாத்தி கட்டி, மறுநாள் நடவு என்று இருந்தபோது அத்தை வாசலில் குறுக்கே நின்றார்.

"மார்கழியில மண்ணுல கை வைக்காதத்தா. விளங்காது."

"அத்தை, நாத்து முத்திரும்."

"முத்துனா முத்தட்டும். தை பிறக்கட்டும், நடு. என் மகன் சம்பந்தப்பட்ட காரியம் இது. விளையாடாத."

அந்த ஒரு வார்த்தையில் நான் அடங்கிப்போனேன். பயபக்தி ஒன்றும் இல்லை. மார்கழியில் நட்டு, தப்பித்தவறி ஏதாவது ஆகிவிட்டால், சாகும்வரை அந்தப் பழி என் தலையில்தான் என்பது எனக்குத் தெரியும். சரி, இருபத்தைந்து நாள்தானே, தை ஒன்றாம் தேதி நட்டுவிடலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். தை ஒன்று பொங்கல். மறுநாள் மாட்டுப் பொங்கல். அதற்கு மறுநாள் மஞ்சுவிரட்டு, ஊரில் ஒரு ஆள் கிடையாது. அதற்குப் பிறகு நடவுக்கு வருகிற பெண்கள் அத்தனை பேரும் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கக் கிளம்பிவிட்டார்கள். "முருகனைப் பாத்துட்டு வந்து நட்டுத் தாரோம்க்கா" என்று கையை ஆட்டிவிட்டுப் போனார்கள். அவர்கள் கால் கொப்புளத்தோடு திரும்பி வந்து, கொப்புளம் ஆறி, வயலில் இறங்கியபோது என் நாற்றுக்கு வயது தொண்ணூறு நாளைத் தொட்டிருந்தது. மார்கழிக் குளிரை முழுசாகக் குடித்துவிட்டு, ஒவ்வொன்றும் என் கட்டைவிரல் தண்டி இருந்தது.

பங்குனியில் பாதிக்கு மேல் பூத்துவிட்டது. மிச்சம் இருந்ததும் கோலிக்குண்டுதான். மறுபடியும் பொரியல். அத்தை ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டார். அன்றைக்கு வீடியோவில் காட்டியபோது வீட்டுக்காரர், "பரவால்லடீ, பாக்க நல்லாத்தான் இருக்கு" என்றார். அந்தக் குரலில் வருத்தத்தைத் தேடினேன். அப்பாடா என்று ஒரு மூச்சு விட்ட மாதிரிதான் கேட்டது. என் காதுதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் வருஷம்தான் கெடு. அந்த வைகாசியில் மறுபடியும் கையெழுத்து. ஐப்பசியில் ஒருநாள், சுவரில் தொங்கிய நாள்காட்டியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மார்கழியில் அத்தை நட விட மாட்டார். தைப்பூசத்துக்கு முன்னால் ஆள் வராது. பழனி முருகனையும் அத்தையையும் என்னால் நகர்த்த முடியாது. நகர்த்த முடிந்தது நாற்றை மட்டும்தான். பூசம் முடிந்து கொப்புளம் ஆற நாலு நாள் விட்டு, அங்கிருந்து நாற்பத்தைந்து நாள் பின்னால் எண்ணினேன். விரல் கார்த்திகைக் கடைசியில் போய் நின்றது. ஐப்பசியில் பாவுவதை அப்போது பாவினால் போதும்! மார்கழி பிறப்பதற்கு முன்னால் விதை மண்ணுக்குள் போய்விடும், அத்தைக்கும் குறையில்லை. குளிர் வருகிற நேரத்தில் நாற்று நூல் மாதிரிதான் இருக்கும். இந்தச் சின்னக் கணக்குத் தெரியாமல் ஒரு வருஷத்தை விட்டேனே என்று என் தலையில் நானே ஒரு குட்டு வைத்துக்கொண்டேன்.

அந்தக் கணக்குப்படியே பாவினேன். விதையோடு விடவில்லை. குன்றக்குடிக்குப் போய் மலையேறினேன். "முருகா, உனக்குப் பூ பிடிக்கும். உன் கழுத்துல எவ்வளவு வேணும்னாலும் போட்டுக்க. என் தோட்டத்துப் பக்கம் மட்டும் எட்டிப் பாக்காத. காய் நல்லா வந்து மனுசன் வீடு வந்து சேந்தா, மொட்டை போடுறேன்" என்று வேண்டிக்கொண்டேன். மொட்டை எனக்கில்லை, அவருக்கு. எனக்கு முடி நல்ல முடி.

மார்கழியில் பனி இறங்கியது. ஒரு வாரம் காலையில் பக்கத்து வரப்பே தெரியவில்லை. நான் நாற்றங்காலின் ஓரத்தில் குத்தவைத்து, ஒவ்வொரு நாற்றையும் விரலால் தடவித் தடவிப் பார்த்தேன். பென்சிலில் பாதிகூட இல்லை. பூசம் முடிந்தது, பெண்கள் வந்தார்கள், நாற்பத்தேழாம் நாள் நட்டு முடித்தோம். அதற்கப்புறம் மண்ணை ஒருநாளும் காயவிடவில்லை. ஒருநாள் வாடப் போட்டு மறுநாள் வெள்ளமாகப் பாய்ச்சினாலும் செடி மிரண்டு தண்டு விடும் என்று இந்தத் தடவை விதை வாங்கும்போது தம்பி சொல்லியிருந்தான். கரண்டு எப்போது வருகிறதோ அப்போது நானும் மோட்டாருக்குப் போனேன்.

பங்குனி பிறந்ததும் நான் விரல்விட்டு நாளை எண்ணினேன். போன தடவை இந்த நாட்களில்தான் கழுத்தறுப்பு. ஒருநாள் விடியற்காலையில் தோட்டத்துக்குப் போனால் எனக்கு முன்னால் அங்கே ஓர் உருவம் குனிந்து தாளை விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அத்தை.

"என்ன அத்தை இங்குட்டு?"

"கீரை பறிக்க வந்தேன்."

வெங்காயப் பாத்தியில் ஏது கீரை? நானும் பக்கத்துப் பாத்தியில் குனிந்தேன். கொஞ்சம் கழித்து அவராகவே, "பதினோரு பூத்தான்த்தா இருக்கு. நாலு நாளாப் பாத்துட்டேன். கூடல" என்றார். கண் கலங்கியிருந்தது. இத்தனை வருஷத்தில் அந்த அம்மாளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அன்றைக்குத்தான். ரெண்டு பேர் கையிலும் சேறு, ஆகவே பிடிக்கவில்லை.

வைகாசி முதல் வாரம் தாள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தண்ணீரை நிறுத்தி, சில நாள் விட்டுப் பிடுங்கினோம். ஒவ்வொன்றும் கைக்கு அடங்காத காய், ரத்தச் சிவப்பு. தாளோடு காயவைத்து, அறுத்து, மூன்று வருஷமாக ஆடு படுத்துக்கொண்டிருந்த பட்டறையைக் கழுவி நிரப்பினோம். ஞாயிற்றுக்கிழமை காலை, அவருக்கு லீவு நாள். போனைத் திருப்பிப் பட்டறையைக் காட்டினேன்.

"பாருங்க. நல்லாப் பாருங்க. ஒரு பூவு இல்ல, அழகா இல்லையோ?"

அவர் போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார். காய் காயாகப் பார்த்தார். "நல்லா இருக்குத்தா" என்றார் மெதுவாக.

"கையெழுத்துப் போட்டுட்டீகளா?"

"இல்ல."

"பிறகென்ன முழிக்கிறீக?"

"நீ விளைய வைக்க மாட்டேன்னு நெனச்சுட்டேன்டீ."

போன வருஷம் அந்த அப்பாடாவைக் கேட்ட என் காது சரியான காதுதான். எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. "ஓஹோ! அப்ப நான் மூணு வருசமா இந்தக் காட்டுல இடுப்பொடிஞ்சது உங்களுக்கு வேடிக்கையா? வர மனசில்லைன்னா வர மனசில்லைன்னு சொல்லித் தொலைய வேண்டியதுதான? வெங்காயத்து மேல ஏன் போட்டீக?" என்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ கத்தினேன், அதையெல்லாம் இங்கே எழுத முடியாது.

முழுக்கக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "அந்தக் கடைக்காரத் தம்பி சொன்னான்னு சொன்னியே, முத்துன நாத்துன்னு. நான் அதுதான். பதினாறு வருசம் ஒரே எடத்துல நின்னுட்டேன். போன லீவுல அடுத்த தெருவுக்காரன் பேரு எனக்கு ஞாபகம் வரல. இனிமே அங்க வந்து நட்டா நான் பிடிப்பேனா? எனக்குப் பயமா இருக்குடீ."

பயமா இருக்கு என்று அந்த மனுஷன் சொல்லி நான் கேட்டதே இல்லை. கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பட்டறையில் சாய்ந்துகொண்டேன்.

"முத்துன நாத்து பூக்கும். அவ்வளவுதான?" என்றேன். "பூத்தத நான் என்ன பண்ணுனேன், தூக்கியா போட்டேன்? அன்னன்னைக்கு ஆஞ்சு, பொரியல் வச்சுத் தின்னோம்ல. உங்க ஆத்தா ரெண்டு தடவை வாங்கித் தின்னாக. அது எடுத்து வைக்கத்தான் ஆகாது. பதினாறு வருசமா நான் உங்கள எடுத்து வச்சுத்தான பாத்துக்கிட்டு இருக்கேன்? போதும். வாங்க."

முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு கை வந்து போனைப் பிடுங்கியது. அத்தை எவ்வளவு நேரமாக அங்கே நின்றார் என்று தெரியவில்லை. "ஏப்பா, மூட்டை தூக்க ஆள் இல்ல. வந்து சேரு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை என்னிடமே கொடுத்தார். மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு அங்குட்டுப் போய்விட்டார்.

அவர், "டிக்கெட் போட்டுறட்டுமா?" என்று கேட்டார்.

"போடுங்க. ரிட்டன் சேத்துப் போட்டீகன்னா அங்கனயே இருந்துக்கிருங்க."

ஒரு வழிக்குத்தான் போட்டார். மொட்டை விஷயத்தை, அவர் திருச்சியில் இறங்கி, பெட்டியெல்லாம் காரில் ஏற்றிக் கதவைச் சாத்திய பிறகுதான் சொன்னேன்.